கப்பலில் ஏறாத கரண்டி அத்தை

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். அங்கே நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் அதே போல் சுகமாக இருப்பீர்கள். முதல் வரி இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதால் எழுதினேன். கீழே படிக்கப் படிக்க, எது சுகம் இல்லையோ அதை நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். சிவப்பு மைப் பேனாவை மட்டும் எடுக்காதீர்கள். நீங்கள் டீச்சர், நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை திருத்த உட்கார்ந்தால் விஷயம் கையை விட்டுப் போய்விடும்.

விஷயம் இதுதான். மாமாவை நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். உங்கள் அப்பாவை நான் விரட்டுவதாக நினைக்காதீர்கள், அவரே பெட்டி கட்டிவிட்டார். அப்புறம், எங்கள் பேட்டை நூலகத்தில் இருக்கும் அம்மாவுக்கு என் சார்பில் ஒரு மன்னிப்புக் கடிதம், நல்ல சொற்களாகப் பார்த்துப் போட்டு எழுதித் தர வேண்டும். அப்படியே எங்கள் வீட்டில் நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கிற மாதிரி ஒரு புத்தகமும் தேடி அனுப்புங்கள். மாமா உங்களோடு வந்துவிட்டால் மூன்று பேர்தான். ஆனாலும் நாலு பேருக்கென்றே பாருங்கள்.

எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்று கேட்பீர்கள். உங்கள் தம்பி இருந்தவரை வீட்டில் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டுப் புத்தகம் படிப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற கை, எப்போதும் ஒரு விரலில் கிரீஸ் இருக்கும். புத்தகத்தில் அடையாளத்துக்கு டெஸ்டரைத்தான் செருகி வைப்பார். மாமா காது மெஷினுக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டு எதிரில் உட்காருவார். பெரியவள் நகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்காத மாதிரி கேட்பாள். சின்னவள் அவர் மடியில். நான் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் நின்று, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்பேன். என்ன புத்தகம் என்றாலும் எல்லோருக்கும் பிடிக்கும். மாமாவுக்குப் பிடித்த மாதிரி சாமான் விலையும் வழக்கும் வரும், பெரியவளுக்குப் பிடித்த மாதிரி எதிர்த்துப் பேசுகிற பெண் ஒருத்தி வருவாள், சின்னவளுக்காக எங்கிருந்தாவது ஒரு நாய்க்குட்டி வந்து சேரும். மனிதர் என்னமாய்ப் பொறுக்கி எடுத்து வருகிறார் என்று நான் வேலை இடத்தில் பெருமையாகச் சொல்லுவேன்.

அன்று காலை வேலைக்குப் போனவர் திரும்பி வராததும், மூடி வைத்த தட்டை எடுக்க எனக்கு மனம் வராமல் நீங்கள்தான் எடுத்துக் கழுவி வைத்ததும் நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. காரியம் முடிந்து நீங்களெல்லாம் ஊருக்குப் போன பிறகும் மாமா அதே நேரத்துக்கு மெஷினை மாட்டிக்கொண்டு மேசைக்கு வருவார். எதிர் நாற்காலியைப் பார்ப்பார். கொஞ்ச நேரம் கழித்து, “சரி” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் படுத்துவிடுவார். பெரியவள் தட்டை எடுத்துக்கொண்டு, செல்போனோடு அறைக்குள் போய்விடுவாள். அந்தச் “சரி”யைத் தாங்க முடியாமல்தான், அண்ணி, அவருடைய நூலக அட்டையை எடுத்துக்கொண்டு நான் கிளம்பினேன்.

நூலகத்தில் எனக்கு என்ன தெரியும்? ஓட்டல் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பை இஸ்திரி உருளையில் விடுகிறவள். அங்கே விரிப்பு என்றால் ஒரே அளவு, ஒரே மடிப்பு. இங்கே புத்தகத்துக்கு முதுகில் கலர் ஒட்டியிருக்கிறார்கள். பச்சை சிறுவர்களுக்காம், மஞ்சள் வயசுப் பிள்ளைகளுக்காம், சிவப்பு பெரியவர்களுக்காம்.

“மூணு கலரும் சேத்து ஒட்டினது ஒண்ணு குடுங்க” என்றேன்.

நூலகத்து அம்மா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். “அப்படி எதுவும் இல்லம்மா. ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போங்களேன்.”

“எங்க வீட்டுல படிக்கறதுக்கு ஒரு வாய்தாம்மா இருக்கு.”

அவர் பாவம், நல்ல மாதிரி. சரி, சின்னதிலிருந்து தொடங்கலாம் என்று பச்சை ஒன்றைக் கொடுத்தார். அம்மாவைத் தொலைத்த வாத்துக் குஞ்சு கதை. நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் சின்னவள் தூங்கிவிட்டாள், பெரியவள் கூரையில் எத்தனை விரிசல் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாதான் கடைசிவரை கவனமாக இருந்தார். “கடைசியில என்னதாம்மா ஆச்சு?” என்றார். “அம்மா கிடைச்சிருச்சு மாமா” என்றேன். “இதுக்கா நான் பேட்டரி மாத்தினேன்?” என்று எழுந்து போய்விட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுபடி போய், பெரியவருக்கு விஷயம் உள்ளதாக வேண்டும் என்று கேட்டேன். சிவப்பில், சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று ஒன்று கிடைத்தது. மாமா அதை வாயைத் திறந்துகொண்டு கேட்டார். நான்கூட, அப்பாடா, பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். விடிந்து பார்த்தால் அந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிற எல்லா நோயும் அவருக்கு இருக்கிறது. குளியலறைக்குப் போய்வரும்போதெல்லாம் என்ன நிறம் என்று வீட்டுக்கே அறிவிப்பு. சின்னவள் அதை அப்படியே பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பி, “வீட்டுல பெரியவருக்கு உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்டபோது, அவர் சிரிப்பை அடக்குவது எனக்குத் தெரிந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அடுத்தது பெரியவள் முறை. மஞ்சள் ஒட்டியது. அட்டையில் ஒரு பெண் மழையில் நின்றுகொண்டிருந்தாள், குடை இல்லாத கஷ்டத்தைப் பற்றியது போல என்று நினைத்தேன். எனக்கு ஒரு சொல் என்ன சொல் என்று அது முடிந்த பிறகுதான் தெரியும், அதுதான் என் தலையெழுத்து. “அவன் அவளைச் சட்டென்று இழுத்து” என்று வந்தது. ஏதோ வண்டி வருகிறது, காப்பாற்றுகிறான் என்று நினைத்து இன்னும் உற்சாகமாகப் படித்தேன். “மு” என்றேன். “த்” என்றேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாமா காதைக் கையால் குவித்து, “என்னம்மா, இழுத்து என்ன பண்ணினான்? சத்தமாச் சொல்லு” என்கிறார். பெரியவள் மேசைக்கு அடியில் போய்விட்டாள். “ஒண்ணுமில்ல மாமா, வீட்டுக்குப் போகச் சொன்னான்” என்று நான் சமாளிப்பதற்குள் சின்னவள் எழுத்தை எட்டிப் பார்த்து, “முத்தம் தாத்தா! முத்தம் குடுத்தான்!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். பக்கத்து வீட்டுத் தபால்காரர் சுவரைத் தட்டி, “நடக்கட்டும், நடக்கட்டும்” என்றார். மாமனார் முன்னால் உட்கார்ந்து இதைப் படித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரு வாரம் அவர் தட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டே பரிமாறினேன்.

போதும்டா சாமி, புதுசு எதுவும் வேண்டாம், உங்கள் தம்பி படித்ததையே திரும்பப் படித்தால் தப்பு வராது என்று முடிவு பண்ணினேன். எல்லோருக்கும் உயிரான புத்தகம் கப்பல் புத்தகம். பாய்மரக் கப்பலில் வியாபாரிகள் கடல் தாண்டிப் போவார்கள். நடுவில் பெரிய புயல். கேப்டன் முதல் எல்லோரும் அழுதுகொண்டு நிற்பார்கள். அப்போது கீழே சமையல் கட்டிலிருந்து கரண்டி அத்தை ஏறி வருவாள். ஒரு கை இடுப்பில், ஒரு கையில் கரண்டி. “முழுகறது அப்புறம் முழுகலாம். ஆறிப் போறதுக்குள்ள எல்லாரும் வந்து சாப்பிடுங்க. தின்ன தட்டை அவனவன் கழுவணும்” என்பாள். சாப்பிட்ட தெம்பில் அவர்கள் தண்ணீரை வாரி இறைத்துக் கப்பலைக் காப்பாற்றிவிடுவார்கள்.

இந்தக் கரண்டி அத்தை கப்பலில் மட்டும் இல்லை, அண்ணி. உங்கள் தம்பி கொண்டுவந்த எல்லாப் புத்தகத்திலும் வருவாள். ராஜா கதையில் சிம்மாசனத்தில் தூசி இருக்கிறது என்று ராஜாவை எழுப்பிவிடுவாள். கொலைக் கதையில் போலீஸ் ஸ்டேஷனுக்கே போய், “துடைச்ச தரையில பூட்ஸோட யாரு வந்தது?” என்று சண்டை போடுவாள், அதில்தான் கொலைகாரன் மாட்டுவான். எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே அத்தை எப்படி வருகிறாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எழுதுகிறவர்களுக்குள் அப்படி ஒரு பழக்கம் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. தொட்டியில் தேய்த்துக்கொண்டே, “என்ன பொம்பள இவ! சாகப் போற நேரத்துலயும் தட்டு கழுவச் சொல்றா. இவ புருஷன் எப்படித்தான் காலந்தள்றானோ!” என்பேன். உங்கள் தம்பி பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்கும். “அவன் நல்லாத்தான் இருக்கானாம். இதோ, இங்கேயே போட்டிருக்கு” என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்தக் கப்பல் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வந்தேன். அதே பழைய அட்டை, உள்ளே அவர் கட்டைவிரல் கிரீஸ் அடையாளம்கூட இருக்கிறது. அன்று வீட்டில் எல்லோரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தார்கள். நானும் தட்டுத் தடுமாறிப் புயல் வரைக்கும் வந்துவிட்டேன். கேப்டன் அழுதான். அலை அடித்தது. ஒரு பக்கம் திருப்பினேன், இன்னொரு பக்கம் திருப்பினேன். கரண்டி அத்தை வரவே இல்லை. பாய்மரம் முறிந்தது, பாதி ஆட்கள் செத்தார்கள், மீதிப் பேர் ஒரு பலகையைப் பிடித்துக் கரை சேர்ந்தார்கள். யாரும் சாப்பிடக்கூட இல்லை. சின்னவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, “அத்தை எங்கம்மா?” என்று அழ ஆரம்பித்தாள். மாமா மெஷினைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். “லைப்ரரில பக்கத்தைக் கிழிச்சிட்டாங்க. விடறேனா பார்” என்றேன். பெரியவள், “அம்மா, விடும்மா” என்றாள். “உனக்கு எதுலதான் அக்கறை இருக்கு?” என்று அவளையும் வைதேன்.

அண்ணி, இதற்கு மேல் எழுதக் கை கூசுகிறது. மறுநாள் வேலை முடிந்து அப்படியே நூலகத்துக்குப் போனேன். பெரியவள் என்னைத் தடுக்கவென்றே பின்னால் ஓடி வந்தாள். அங்கே நாலைந்து பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் போடாதீர்கள் என்று சுவரில் எழுதியிருந்தது, அதை எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரம் இல்லை.

“ஒரு பொம்பளையக் காணோம் இதுல!” என்று புத்தகத்தை மேசைமேல் போட்டேன்.

நூலகத்து அம்மா பக்க எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, “எல்லாம் வரிசையா இருக்கேம்மா” என்றார்.

“நம்பரை யார் வேணா போடலாம்!”

புத்தகத்தின் தையலை நானே விரித்துப் பார்த்தேன். எந்த விரிப்பில் எந்த இழை போயிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற கை இது. ஒரு தாள்கூடப் போகவில்லை என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. வாய்தான் ஒத்துக்கொள்ளவில்லை. மூலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ரிட்டயர்ட் மனிதர் ஒருவர் எழுந்து வந்து, “தாயே, இந்தப் புத்தகத்தை நான் நிறைய தடவை படிச்சிருக்கேன். அந்தக் கப்பல்ல பொம்பளையே கிடையாது” என்றார். “நீங்க அவசர அவசரமாப் படிச்சிருப்பீங்க” என்று அவருக்கும் ஒன்று கொடுத்தேன். நூலகத்து அம்மாவைப் பார்த்து, “படிக்காதவதானேன்னு கிழிச்சதைத் தள்ளி விட்டுட்டீங்க” என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப் போனது. இப்போது நினைத்தாலும் எனக்கு அந்த முகம்தான் வருகிறது.

அப்போதும் அவர் கோபப்படவில்லை. “எப்படிப்பட்ட பொம்பளைன்னு சொல்லுங்க, வேற புத்தகத்துல இருக்கான்னு பாக்கறேன்” என்றார். சொல்லிக் காட்டினால்தான் புரியும் என்று, நடுக்கூடத்தில் நின்று, ஒரு கையை இடுப்பில் வைத்து, இன்னொரு கையில் இருந்த குடையைக் கரண்டி மாதிரி தூக்கி, “முழுகறது அப்புறம் முழுகலாம்! ஆறிப் போறதுக்குள்ள வந்து சாப்பிடுங்க! தின்ன தட்டை அவனவன் கழுவணும்!” என்று கத்தினேன்.

செய்தித்தாள்காரர் தாளை மடித்து வைத்துவிட்டார். பெரியவள் என் தூக்கிய கையை மெதுவாகப் பிடித்து இறக்கினாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

“அம்மா. அது நீதாம்மா.”

நான் குடையை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். புத்தகம் மட்டும் எப்படியோ என் கையோடு வந்திருந்தது. வழியெல்லாம் பெரியவள் சொன்னாள். அப்பா எந்தப் புத்தகத்தையும் உள்ளபடி படித்ததே இல்லையாம். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்வாராம். எல்லோருக்கும் தெரியுமாம். வீட்டுக்கு வந்து மாமாவின் காதில் மெஷினை நானே மாட்டி, “மாமா, உங்களுக்குமா தெரியும்?” என்று கேட்டேன். “தெரியாம என்ன? காதுதானே போச்சு, கண்ணு இருக்கே. அத்தை வர்ற இடத்துல அவன் புஸ்தகத்தையா பாத்தான்? உன் முதுகைப் பாத்துல்ல படிப்பான்” என்றார்.

நான் எத்தனை நாள் அவளைத் திட்டியிருக்கிறேன், அண்ணி! வாயாடி என்றேன், புருஷனை வறுத்தெடுக்கிறவள் என்றேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த வரியைப் படித்திருக்கிறார். நான் ஒரு தரம், ஒரே ஒரு தரம், கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா? இந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன்? நூலகம் இருக்கிற தெரு வேண்டாம் என்று பின்தெரு சுற்றி வேலைக்குப் போகிறேன், தாமதம் என்று மேற்பார்வையாளரிடம் தினம் பேச்சு வாங்குகிறேன். மேசையில் யாரும் உட்காருவதில்லை. நேற்று மாமா, “இங்க சாயங்காலம் ரொம்ப நீளமா இருக்கும்மா. நான் மக வீட்டுக்குப் போறேன்” என்று பெட்டியை எடுத்து வைத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. நாலு பேர் வயசுக்கும் ஏற்ற புத்தகம் எனக்குத் தேடத் தெரியவில்லை. அவரை நிறுத்திவைக்க என்னிடம் வேறு என்ன இருக்கிறது? ஆகவே மேலே கேட்டதை எல்லாம் தட்டாமல் செய்து கொடுங்கள். புத்தகத்தில் நோய் வேண்டாம், முத்தம் வேண்டாம், புயல் வந்தால் யாராவது வர வேண்டும்.

அண்ணனுக்கு என் வணக்கம். உங்கள் பிள்ளைகள் நன்றாகப் படித்து, என்னைப் போல் பொது இடத்தில் கையை இடுப்பில் வைக்காமல், நீண்ட நாள் நிறைவாக வாழட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: பெரியவள் தபால்தலை வாங்க மறந்து போனதால் இரண்டு நாளாகக் கடிதம் கிளம்பவில்லை. அதற்குள் மேலே உள்ளது எல்லாம் வீணாகிவிட்டது. திருப்பி எழுத எனக்குப் பொறுமை இல்லை, அப்படியே அனுப்புகிறேன்.

நேற்று சாப்பாடு முடிந்து நான் தொட்டியில் நின்றேன். மாமா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ நீங்கள் இப்போதே வாசலில் நிற்கிற மாதிரி மேசையில் உட்கார்ந்திருந்தார். பெரியவள் யாரும் சொல்லாமல் கப்பல் புத்தகத்தை எடுத்து வந்து படிக்க ஆரம்பித்தாள். புயல் வந்தது. கேப்டன் அழுதான். அங்கே நிறுத்திவிட்டாள். எல்லோரும் என் முதுகைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. கையில் தேய்த்துக்கொண்டிருந்தது கரண்டிதான். நுரை சொட்டச் சொட்ட அப்படியே திரும்பி, முழுகறது அப்புறம் முழுகலாம் என்று ஆரம்பித்தேன், முடிக்கிற வரை நிறுத்தவில்லை. சின்னவள் நாற்காலிமேல் ஏறிக் குதித்தாள். மாமா பெட்டியைத் திறந்து அடியில் கையை விட்டு, “பேட்டரி எங்க வெச்சேன்?” என்று தேடினார். தேடத் தேடத் துணியெல்லாம் வெளியே வந்துவிட்டது. அதை நான் மடித்து அலமாரியிலேயே வைத்துவிட்டேன். ஆகவே நீங்கள் வர வேண்டாம்.

மன்னிப்புக் கடிதமும் வேண்டாம். நூலகத்து அம்மா அந்த நேரம் பார்த்து என் குடையைக் கொடுக்க வந்து வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நான் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கக் கேட்க, “அதெல்லாம் இருக்கட்டும், கப்பல்ல எல்லாரும் சாப்பிட்டாங்களா இல்லையா? பேப்பர் படிக்கற ஐயாவும் கேட்டுட்டு வரச் சொன்னார்” என்கிறார். புத்தகமும் அனுப்ப வேண்டாம், இருக்கிறதே போதும்.

இன்னொன்று. சாப்பிட வந்தவர்களை அத்தை எண்ணிப் பார்த்தாள், ஓர் ஆள் குறைந்தது. “லிஃப்ட் மெக்கானிக் இன்னும் கீழேதான் வேலையா இருக்கார்” என்று என் வாயில் வந்துவிட்டது. மாமா, “பாய்மரக் கப்பல்ல ஏதும்மா லிஃப்ட்?” என்று சண்டைக்கு வந்தார். “இந்தக் கப்பல்ல இருக்கு மாமா” என்றேன். அவர் கொஞ்ச நேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “ரிப்பேர்னா நேரமாகும். அவனுக்குத் தட்டு மூடி வெச்சியா?” என்றார். வைத்திருக்கிறேன் என்றேன்.

எப்போதாவது எங்களைப் பார்க்க வந்தால், அண்ணி, அந்தத் தட்டை மட்டும் கழுவிவிடாதீர்கள்.